இரண்டாவது டின்

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில், இல்லாதவர்களுக்கு இலவசமாக மளிகை கொடுக்கும் உணவு வங்கிக்குப் பொருள் சேர்க்கும் வேலையைப் பத்து வருடமாக இழுத்துப்போட்டுச் செய்கிறவள் டோரீன். வெள்ளிக்கிழமைதோறும் சூப்பர் மார்க்கெட் வாசலில் தள்ளுவண்டியோடு நிற்பாள். பாஸ்தாவோ டீத்தூளோ கூடுதலாக ஒன்று வாங்கிப் போடச் சொல்லி, உள்ளே போகிறவர்களிடம் சீட்டு நீட்டுவாள். பார்க்காததுபோல் நழுவுகிறவர்களை அவளுக்கு ஆகவே ஆகாது.

கிளிஃபர்டிடம் மட்டும் அவள் சீட்டு நீட்டியதில்லை. மனைவி இறந்து மூன்று வருடமாகியும் அவர் பீச் பழ டின்னை இரண்டாகத்தான் வாங்குவார். வெளியே வந்ததும் ஒன்றை வண்டியில் வைப்பார். "பாழாப்போன கை, டோரீன். தானா ரெண்டு எடுத்துடுது," என்பார். பிறகு பத்து நிமிடம் நின்று பேசுவார். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே டோரீன் உதட்டுச் சாயம் பூசி வருவாள்.

அந்த வெள்ளிக்கிழமையும், "உன் ஆளு வர்றாரு, தொப்பியச் சரி பண்ணு," என்று கூட நின்ற சான்ட்ரா சீண்டினாள்.

"வாய மூடுடி."

கிளிஃபர்ட் சிரித்துக்கொண்டே வந்தார். "அதிசயத்தப் பாத்தியா? இன்னிக்குக் கை ஒண்ணுதான் எடுத்துச்சு!"

"நல்லதுதானே," என்றாள் டோரீன்.

அவர் கை மனைவிக்கென்று எடுப்பதை விடும் இந்த நாளுக்காக அவளும்தான் காத்திருந்தாள். ஆனால் வண்டியில் வைக்க ஒன்றுமில்லாத கூச்சத்தில், அவர் தலையை ஆட்டிவிட்டு நேரே பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கிளம்புமுன் டோரீன் கடைக்குள் போய் பீச் பழ டின் இரண்டு வாங்கினாள். ஒன்றை வண்டியில் வைத்தாள். மற்றதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவளுக்குப் பீச் பழமே பிடிக்காது.