கண்ணாடிக் கதவு போட்ட கடை

பெரியகல்லாற்றில் எங்கள் ஒழுங்கைப் பெண்கள் கடைக்குப் போவதற்கென்று உடுப்பு மாற்றுவதில்லை. நைட்டிக்கு மேலே ஒரு துவாயைத் தோளில் போட்டால் சபைக்குப் போகும் கோலம் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் சேலையோடு நிற்கும் நானும் அப்படித்தான். அடுப்பில் மீன்கறி கொதிக்கும்போது பழப்புளி இல்லையென்றால், ஓடிப்போய் வாங்கி, இரண்டு வீட்டுக் கதையும் கேட்டு, கறி வற்றுவதற்குள் திரும்பிவிடலாம்.

வாவிக்கரைப் பக்கமுள்ள அந்தக் கடையை நெடுங்காலம் ஒரு பெண்தான் நடத்தினார். கணவர் கட்டாரில் இருந்தார். போன வருடம் அவர் ஊரோடு வந்து, உழைத்ததையெல்லாம் கடையில் போட்டார். வாசலில் குறுக்கே கிடந்த மேசை போய், கண்ணாடிக் கதவும் ஏசியும் கமராவும் வந்தன. கூடையை எடுத்துக்கொண்டு நாமே உள்ளே போய்ப் பொருள் எடுக்க வேண்டும். திறப்பு நாளில் எல்லோரும் சேலை கட்டிப் போய் மெச்சினோம். பிறகு ஒருவரும் போகவில்லை.

அவர் விலையைக் குறைத்தார். சாதகத்தைக் காட்டிச் சாத்திரமும் கேட்டார். நைட்டியோடு கமராவுக்கு முன்னால் நடக்க ஏலாது என்று ஓர் ஆணிடம் யார் போய்ச் சொல்வது?

ஒரு நாள் அவருடைய மனைவி என் வீட்டுப் படலைக்கு வந்தார்.

"டீச்சர், கடை சரிவரல்லெண்டா இவர் திரும்பவும் கட்டாருக்குப் போறாராம். மகள் இப்பதான் அப்பா எண்டு கூப்பிடப் பழகியிருக்காள்."

காரணத்தைச் சொல்லிவிட்டேன். அவர் தான் உடுத்திருந்த நைட்டியைக் குனிந்து பார்த்தார்.

"இதுக்கா?"

"ஓம்."

அடுத்த நாள் காலையில், கடைக்குப் பின்னாலுள்ள தங்கள் வீட்டுக் குசினி யன்னலில் மனைவி சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் துவாயும் தோளுமாக வரிசையில் நின்றோம். முன்னால் கணவர் அழுத்திய சேர்ட்டோடு ஏசிக்குள் தனியே இருந்தார். சில நாள் கழித்துப் பின்பக்கம் வந்து வரிசையைப் பார்த்தார். எல்லோரும் துவாயை இழுத்துவிட்டுக்கொண்டோம். அவர் திரும்பிப் போனார்.

மறு கிழமை கண்ணாடிக் கதவு கழற்றப்பட்டு மதிலில் சாத்திக் கிடந்தது. வாசலில் பழைய மேசை. அதற்குப் பின்னால் அவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்று பருப்பு நிறுத்தார். துவாயோடு நின்ற நான் சும்மா இருக்க மாட்டாமல் கேட்டேன்.

"எப்ப தம்பி பயணம்?"

அவர் வாய் திறக்குமுன் பக்கத்தில் நின்ற மனைவி முந்திக்கொண்டார்.

"அவர் எங்கயும் போகல்ல டீச்சர். உங்களுக்கு என்ன வேணும்?"