அண்ணியும் காலாவதியான சாம்பிள்களும்

பதினாறு வருஷமாக ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவர் என் அண்ணி. அதே கட்டடத்தின் கீழே மருந்துக்கடையில் பில் போடுகிறவள் நான். அதனால் மாடிப்படி வழியாக எனக்கு இறங்கிவராத சங்கதி கிடையாது. நாத்தனார் சொல்கிற கதைதானே என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். எனக்கு அவரைப் பிடிக்கும், அதனால்தான் இத்தனை கிண்டல்.

மருந்துக் கம்பெனி ரெப்புகள் தினம் பத்துப் பேராவது மாடியேறுவார்கள். முழுக்கைச் சட்டை, டை, ஒரு பக்கத் தோளைச் சாய்க்கும் கறுப்புப் பை. உள்ளே போனதும் டாக்டரின் மேஜையில் கடை பரப்பிவிடுவார்கள். வழவழப்பான விளம்பர அட்டைகள், பேனாக்கள், இதய வடிவில் பிளாஸ்டிக் பேப்பர் வெயிட், சிறுநீரக வடிவில் ஒரு கடிகாரம்கூட வந்திருக்கிறது. கூடவே இலவச சாம்பிள்கள். யாரிடமும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர் எங்கள் டாக்டர். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே வாங்கி அண்ணியிடம் தள்ளிவிடுவார். அட்டைகள் அன்று சாயங்காலமே குப்பைக்கூடைக்குப் போகும். சாம்பிள்களில் பாதியை இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். மீதி அலமாரியில் கிடந்து தேதி முடிந்துபோகும்.

அண்ணியின் பொறுப்பு இங்கேதான் தலைதூக்கும். குப்பையில் போட்டால் ஏதாவது குழந்தை எடுத்துக் குடித்துவிடும் என்று அவருக்குப் பயம். அதனால் சனிக்கிழமை மதியம் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு சிரப் பாட்டிலாகத் திறந்து வாஷ்பேசினில் ஊற்றுவார். மாத்திரைகளை உரித்து, வாளித் தண்ணீரில் கரைத்து, அதையும் ஊற்றுவார். உரித்து உரித்து கட்டைவிரல் நகம் உடைந்ததுதான் மிச்சம். யாரும் சொல்லிச் செய்ததில்லை. முடித்துவிட்டு வரும்போது முகத்தில் அப்படியொரு நிம்மதி.

ஒருநாள் வாஷ்பேசின் அடைத்துக்கொண்டது. பிளம்பர் பின்சந்தில் குழாயைக் கழற்ற, ரோஜா நிறத்தில் களி மாதிரி ஒன்று பிதுங்கி வந்தது. அதில் பழ வாசனை வேறு. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, அண்ணிக்கு விளங்கிவிட்டது. இந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்று கேட்டார். பிளம்பர் கையை நீட்டிக் காட்டினார். சந்தோரச் சாக்கடை, அது முடிகிற இடத்தில் வாய்க்கால், அதைத் தாண்டி ஏரி.

எங்கள் வீட்டுக்கு மீன் வருவது அந்த ஏரியிலிருந்துதான். அன்றைக்கு அண்ணி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஒரு குழந்தை குடிச்சிடுமேன்னு பயந்து, ஊருக்கே ஊத்திக் கொடுத்திருக்கேனே” என்றார்.

எனக்குக் கிண்டல் வாய்வரை வந்து நின்றுவிட்டது. பாவமாக இருந்தது.

எங்கள் கடையில் காலாவதிப் பெட்டி ஒன்று உண்டு. விற்காத மருந்தை அதில் போட்டு வைத்தால், முறைப்படி அழிப்பதற்கு மொத்த வியாபாரி வழியாகக் கம்பெனிக்கே திரும்பிப் போய்விடும். சாம்பிள்களையும் அதில் போடலாமா என்று கேட்டார். கடையில் வாங்காத சரக்கை மொத்த வியாபாரி தொடமாட்டார் என்றேன். அப்படியானால் கொண்டுவந்தவர்களே தூக்கிக்கொண்டு போகட்டும் என்றார். ஏதோ ஆற்றாமையில் சொல்கிறார் என்று நினைத்தேன். அண்ணியை எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

திங்கட்கிழமை அண்ணியின் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. டாக்டரைப் பார்க்க வேண்டுமானால், ரெப் முதலில் தன் கம்பெனியின் தேதி முடிந்த சாம்பிள்களைப் பையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அட்டையைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. பேனா, கடிகாரம் வகையறா படியே ஏறக்கூடாது. ஒல்லியாக ஏறிய பைகள் புடைத்துக்கொண்டு இறங்கின. அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே நான் பில்லை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பேன். ஒரு ரெப் முப்பது இருமல் மருந்து பாட்டில்களைச் சுமந்து இறங்கி, இவ்வளவையும் நானா கொடுத்தேன் என்று என்னிடமே கேட்டார். நிஜமாகவே அதிர்ந்துபோயிருந்தார்.

இதையெல்லாம் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அண்ணி செய்துவந்தார். வேலை போய்விடும், வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அண்ணனுக்கு நிலையான வேலை கிடையாது. என் சம்பளம் பால் கணக்குக்கே சரி, அண்ணியின் சம்பளத்தில்தான் எங்கள் வீடு நடக்கிறது.

மூன்றாவது வாரம் ஒரு பெரிய கம்பெனியின் மேனேஜரே படியேறினார். சற்று நேரத்தில் அண்ணியை உள்ளே கூப்பிட்டார்கள் என்று செய்தி இறங்கியது. நான் ஒரு மருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கையெழுத்துப் புரியாதவள் போல மேலே ஓடினேன்.

மேனேஜர் தேன் ஒழுகப் பேசிக்கொண்டிருந்தார். தங்கள் ஆட்களைக் குப்பை சுமக்க வைக்கிறார்களாம், டாக்டருக்குத் தெரிந்திருக்காதாம். டாக்டர் அண்ணியைப் பார்த்தார். அண்ணிக்குக் கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கலங்கவில்லை.

“இத்தனை வருஷமா நான்தான் டாக்டர் அதையெல்லாம் வாஷ்பேசின்ல ஊத்தினேன். எல்லாம் ஏரிக்குப் போயிருக்கு. இனிமே ஊத்த மாட்டேன். வேலையை விட்டு நிக்கச் சொன்னா நின்னுக்கறேன்.”

டாக்டர் தன் கையிலிருந்த பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் மேனேஜரின் கம்பெனி பெயர் இருந்தது.

“ஊத்தினது நீங்க, வாங்கினது நான்தானேம்மா” என்றார். “இவங்க பேனாவால எழுதறேன், இவங்க மருந்தையே எழுதறேன். யாருக்குத் தேவை, எதுக்குத் தேவைன்னு யோசிக்கறதையே விட்டுட்டேன்.”

பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, இங்கே இந்த அம்மா சொல்வதுதான் சட்டம் என்றார். தன் வீட்டில் ஓர் அறை முழுக்க இதே சாமான்கள் இருப்பதாகவும், அந்த அறையை மீட்டுத்தரும்படி மனைவி பத்து வருஷமாகச் சண்டை போடுவதாகவும், ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டியோடு வந்தால் புண்ணியமாகப் போகும் என்றும் சேர்த்துக்கொண்டார். மேனேஜர் தன் கம்பெனியின் தேதி முடிந்த சாம்பிள்கள் நிறைந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி இறங்கினார். டை பெட்டிக்கடியில் மாட்டிக்கொண்டதால், தலையைக் குனிந்தேதான் போக வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு சீட்டோடு கடைக்கு வந்த முதல் நோயாளி, அதைக் கொடுக்காமல் முன்னும் பின்னும் புரட்டினார். வழக்கமாக ஆறு வரி இருக்கும். அன்று இரண்டு.

“ரெண்டு மருந்துதானா? டாக்டர் நல்லாத்தானே இருக்காரு?” என்றார்.

இவ்வளவு நன்றாக இருந்து நான் பார்த்ததே இல்லை என்றேன். மாடியில் அண்ணி அடுத்த டோக்கனைக் கூப்பிட்ட குரல் தெருவரைக்கும் கேட்டது.