பன்னிரண்டு மணி எண்ணிக்கையை அழிக்காத செலின்

செலின் போன செய்தி, அடக்கம் முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் எனக்கு வந்தது. "ஆன்ட்டிக்கு யாரும் சொல்லலையா?" என்று சூப்பர்வைசர் சாதாரணமாகக் கேட்டான். சொல்லாதவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். இது செலினுக்கான இடம் என்பதால் அவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை. தஞ்சோங் பகார் ஆபீசில் அவளோடு வேலை செய்தவர்களுக்கும், தெம்பனிஸ் தேவாலயத்தில் அவளோடு பூசைக்குப் போனவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைத்தொகுதியில் துப்புரவு வேலை செய்கிறேன். எங்கள் கம்பெனி கழிவறைக் கதவுகளில் ஆள் எண்ணும் கருவி மாட்டியது. அந்த எண்ணிக்கையைப் பார்த்து, எந்த நேரத்தில் எங்கே ஆள் அனுப்ப வேண்டும் என்று சொல்வது செலினுடைய வேலை. டேட்டா சயின்டிஸ்ட் என்றார்கள். மூன்றாம் மாடியில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கான பெரிய கழிவறையில் பன்னிரண்டு மணிக்குத்தான் கூட்டம் அதிகம் என்று கருவி சொன்னதாம். எங்களுக்கு அந்த நேரத்தில் ஒரு துப்புரவுச் சுற்று கூடிவிட்டது.

மற்றவர்களாக இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். செலின் நேரில் வந்து கதவைத் தட்டினாள். உள்ளே அட்டையை விரித்து நாங்கள் மூன்று பேர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"ஆன்ட்டி, இங்கயா சாப்பிடுறீங்க?"

"வேற எங்க? வெளிய உட்கார்ந்தா கஸ்டமர் பார்க்குறாங்கன்னு மேனேஜர் கத்துறார்லா."

"தினமும் அறுபது தடவை கதவு திறக்குதே?"

"மூணு பேருதாம்மா. இந்தப் பொன்னம்மா தண்ணி, ஊறுகா, கரண்டின்னு அம்பது தடவை போவா."

பொன்னம்மா என்னை முறைத்தாள். செலின் சிரித்துவிட்டு அட்டையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஒரு நாள் எண்ணிக்கை கூடினா விட்டுடலாம். தினமும் ஒரே நேரத்துல கூடினா அங்க யாரோ இருக்காங்கன்னு அர்த்தம், ஆன்ட்டி" என்றாள்.

முந்தின வருஷம் அங்கே சாப்பிட்டு மாட்டிய ஒருத்தியை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். என் வயதுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்? "அந்த நேரத்து எண்ணிக்கையை மட்டும் அழிச்சிடும்மா" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"மாட்டேன் ஆன்ட்டி. அழிச்சா நீங்க அங்க இல்லவே இல்லைன்னு ஆகிடும்."

அந்தக் கோபத்தில் பல நாள் அவளோடு நான் பேசவில்லை.

பிறகு தஞ்சோங் பகார் ஆபீசுக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். திரையில் அந்தப் பன்னிரண்டு மணிக் கோடு மலை மாதிரி நின்றது. "சாப்பிட்டது யாரு? பேரைச் சொல்லுங்க" என்று செலினிடம் கேட்டார் மேனேஜர்.

செலின் எழுந்தாள். "என்கிட்ட கதவோட எண்ணிக்கைதான் சார் இருக்கு. பேர் இல்ல. இவங்க சாப்பிட இடமில்லைங்கிறதுதான் இதுல தெரியுது. அதை அழிச்சிட்டு இந்தத் துப்புரவு அட்டவணையில நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

போடவும் இல்லை. இரண்டு மாதம் இழுத்தார்கள். அவளுக்கு வர வேண்டிய அடுத்த வேலையை வேறொருத்தருக்குக் கொடுத்தார்கள். அந்த மேனேஜரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கடைசியில் நாங்கள் சாப்பிடப் படிக்கட்டுக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. மேசை, மின்விசிறி, நான்கு நாற்காலி. பன்னிரண்டு மணிச் சுற்றும் போனது.

அறையைப் பார்க்க செலின் கறிப்பஃப் வாங்கிக்கொண்டு வந்தாள். நன்றி சொல்ல என் வாய் திறக்கவில்லை. "நாற்காலி ஆடுது" என்றேன். அவள் குனிந்து, ஒரு காகிதத்தை மடித்துக் காலுக்கு அடியில் வைத்தாள். அப்போதே அவளுக்கு நோய் இருந்ததாம். எனக்குத் தெரியாது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டதற்காக என்னையும் நான் மன்னிக்கப்போவதில்லை.

இப்போது கருவி இல்லை, கைப்பேசி. ஒரு நாளைக்கு ஐந்து சுற்று; ஒவ்வொன்றும் முடிந்தால் அதில் ஒரு தட்டு. போன வாரம் இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. "செய்யாட்டியும் அஞ்சையும் தட்டிடுங்க ஆன்ட்டி, யாரு பார்க்கப்போறா?" என்றான் சூப்பர்வைசர்.

"ஆள் பத்தலைன்னா அது மேல இருக்கிறவங்களுக்குத் தெரியட்டும்" என்றேன். செலினிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பிடிவாதம்தான். அன்றைக்கு மூன்று சுற்றுதான் முடிந்தது. மூன்றுதான் தட்டினேன்.