கணினிக்கு மாலை போட்ட மாநாடு

யாருடைய முகமும் யாருக்கும் தெரியாத ஒரு மாநாட்டுக்கு எங்கள் இயக்குநர் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வந்தார். அதுவும் கொல்லிமலை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியின் சித்திரை வெயிலில். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள்தான் ஆகியிருந்தன. அன்றைய இணைய மாநாட்டில் படமும் கிடையாது, குரலும் கிடையாது. பேச்சாளர் தன் உரையைப் பத்தி பத்தியாகத் தட்டச்சு செய்து அனுப்புவார். பல நாடுகளில் உட்கார்ந்திருப்பவர்கள் திரையில் படித்துவிட்டுக் கேள்வியைத் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். இதை அவருக்கு மூன்று முறை விளக்கினேன். மூன்று முறையும் "எனக்குத் தெரியும்யா" என்றார்.

நான் கொல்லிமலையில் மிளகு ஆராய்ச்சி செய்த ஒரு தனியார் நிறுவனத்தில் கள உதவியாளன். என்னை அவர் கூட்டிப்போனது என் அறிவுக்காக அல்ல, தட்டச்சில் ஹையர் பாஸ் செய்திருந்ததற்காக. முனைவர் பட்டம் வாங்கிய மனிதருக்குக் கீபோர்டில் ஒரு எழுத்தைத் தேடிப் பிடிக்க அரை நிமிடம் ஆகும்.

உரை மிளகுக் கொடியின் வாடல் நோய் பற்றியது. மலையின் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான திண்ணனூர் நாட்டில் ஒரு விவசாயி எங்கள் நிறுவனப் பண்ணையின் நாற்றுகளை வாங்கி சில்வர் ஓக் மரங்களில் ஏற்றியிருந்தார். நட்ட வருடமே இலை கறுத்து, தண்டு அழுகி, ஒன்றுவிடாமல் செத்துப்போயின. இயக்குநர் ஜீப்பிலிருந்து இறங்கவே இல்லை. உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்து, "தண்ணிய அளவில்லாம ஊத்திட்டே" என்று தீர்ப்புச் சொன்னார். அந்த மனிதரும் அவர் மனைவியும் ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றிய தண்ணீர் அது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த வரிசையில் அந்த விவசாயியே தன் பழைய கொடியிலிருந்து வெட்டிப் பதியம் போட்டவை இருந்தன. அதே மரம், அதே தண்ணீர். அவை பச்சைப் பசேலென்று நின்றன. பண்ணைக்கு வந்து, மிச்சமிருந்த நாற்றுப் பைகளில் பத்தைக் கிழித்துப் பார்த்தேன். எட்டில் வேர் கறுத்திருந்தது. நோய் எங்கள் பை மண்ணிலேயே போயிருக்கிறது. இயக்குநரிடம் சொன்னேன். "உன்னை டைப் அடிக்கத்தான் சொன்னேன்" என்றார். அவர் எழுதிக் கொடுத்த உரையில் நோய்க்குக் காரணம், விவசாயிகளின் அறியாமை.

அந்த விவசாயி என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "மழைக்கு மறுக்கா நடலாமானு நீங்கதான் பாத்துச் சொல்லோணும் சார். இன்னொருக்கா போச்சுன்னா காட்டைக் குத்தகைக்கு உட்டுப்போட்டுக் கீழ போயி கூலிக்குத்தான் நிக்கோணும்."

மாநாடு நடந்த இடம் முன்பாதி செருப்புக் கடை, பின்பாதி இணைய மையம். கடைக்காரர் பாய், மரியாதையான மனிதர். இயக்குநர் மானிட்டருக்குச் சந்தனம் வைத்து, சம்பங்கி மாலை போட்டு, பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றினார். விளக்கு அணைந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். ஒரு புகைப்படக்காரர் வேறு. "ஏனுங்க சார், மாலைத் தண்ணி கீபோர்டுல சொட்டுதுங்க" என்று பாய் கெஞ்சினார். நான் கைக்குட்டையால் துடைத்தேன்.

பிறகு உரை. இயக்குநர் எழுந்து நின்று, திரையைப் பார்த்து உரக்க முழங்கினார். தலைவர் அவர்களே, சக விஞ்ஞானிகளே என்று முழங்கி முழங்கி வியர்வையில் குளித்தார். அத்தனையையும் ஆங்கிலத்தில் அடித்தேன். வணக்கமே ஒரு பக்கம் போயிற்று. மாநாட்டுத் தலைவரிடமிருந்து ஒரு வரி வந்தது: தயவுசெய்து விஷயத்துக்கு வாருங்கள். அதற்குள் வாசலில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் பொன்னாடையோடு வந்துவிட்டார். பொன்னாடை என்றதும் விஞ்ஞானம் இவருக்கு மறந்துவிட்டது. "எழுதினதைப் பாத்து அடிச்சுக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டுப் புகைப்படக்காரரோடு வெளியே போனார்.

அந்தத் தாளைப் பார்த்தேன். 'அறியாமை' என்ற இடத்தில் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தேன். எங்கள் பண்ணையின் மண்ணில்தான் நோய் இருந்தது, பைகளைக் கிழித்துப் பார்த்தோம், விவசாயி மேல் தப்பில்லை, இனி இந்த நாற்றுகளைக் கொடுக்கக் கூடாது என்று இயக்குநர் பெயரிலேயே அடித்து அனுப்பினேன். ஒரு எழுத்துப் பிழைகூட வரவில்லை.

அவர் தோளில் பொன்னாடையோடு திரும்பி வந்து திரையைப் படித்தார். முகம் வெளுத்தது. "என்னய்யா பண்ணி வச்சிருக்கே?" என்று என் சட்டைக் காலரைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்துப் பதில்கள் வர ஆரம்பித்தன. ஒரு நிறுவனம் தன் தவறை இப்படி வெளிப்படையாக ஒப்புக்கொள்வது அபூர்வம் என்றார் தலைவர். எங்கோ இருந்த ஓர் அம்மையார் எங்கள் இயக்குநரின் நேர்மைக்குத் தலைவணங்குவதாக எழுதினார். இயக்குநர் மெல்லக் காலரை விட்டார். டையைச் சரிசெய்துகொண்டு, "உண்மையே என் வழி என்று அடி" என்றார். அடித்தேன். அந்த உரைக்காக அடுத்த வருடம் ஒரு வெளிநாட்டுக் கருத்தரங்குக்கு அவரைக் கூப்பிட்டார்கள்.

ஜீப்பில் திரும்பும்போது சொன்னார்: "அது அங்க இருக்கறவங்களுக்கு. மலையில வாயைத் திறந்தே, மறுநாள் உனக்கு வேலை இல்ல."

ஆனி பிறந்ததும் மிச்ச நாற்றுகளை ஏற்றி என்னையே திண்ணனூர் நாட்டுக்கு அனுப்பினார். அதே பைகள், அதே மண். இயக்குநர் உடன் வரவில்லை. டிரைவர் பீடி பிடிக்க ஒதுங்கியிருந்தார். அந்த விவசாயி வேகமாக நடந்து வந்து கேட்டார்: "சார், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நெசமாலுமே நாந்தான் தண்ணிய ஊத்திக் கெடுத்துப்போட்டனுங்களா?"

எத்தனையோ நாட்டுக்காரர்களுக்குச் சொன்ன உண்மையை, ஒரு முழத் தூரத்தில் நின்றவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை என் பெயரில், என் வாயால். கோட்டு போட்ட அந்த மனிதரை நான் எவ்வளவு கேவலமாக நினைத்திருந்தேன்.

"ஆமாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப இந்தவாட்டி அளவாப் பாத்து ஊத்தறனுங்க" என்று சொல்லிவிட்டு, நாற்றுப் பைகளை ஒவ்வொன்றாக, மண் உதிராமல் அவரே இறக்கி வைத்தார்.