கண்ணாடிக்குள் கடல்

கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கை நடுங்கக் கூடாது. எனக்கு நடுங்கத் தொடங்கியது.

ஒரு மத்தியான ஷிப்டில் கச்சான் காற்று திடீரென்று ஏறி, நான் தூக்கிய கன்டெய்னர் ஆடிவிட்டது. கப்பலில் பெட்டிகளைக் கம்பி போட்டு இறுக்கிக்கொண்டிருந்த லாஷிங்காரர் ஒருவரின் தலையை ஒட்டிப் போய்த் திரும்பியது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மறுநாள் கேபினில் உட்கார்ந்து லீவரைப் பிடித்தால் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. சூப்பர்வைசர் கவனித்துவிட்டு என்னைக் கீழே இறக்கினார்.

நலப்பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். ஷிப்ட் நேரத்தைக் குறையுங்கள் என்று நாங்கள் கேட்டுக் கேட்டு அலுத்திருந்த சமயத்தில், கம்பெனி மன அழுத்தத்துக்கு விஆர் கண்ணாடி வாங்கி வைத்திருந்தது. ஏசி அறை, சாய்வு நாற்காலி, விரலில் நாடி பார்க்கும் கிளிப். எரிச்சலோடுதான் போனேன். அங்கிருந்த மேடம் என் அக்கா மகள் வயதுதான் இருப்பார், அவ்வளவு தன்மையாகப் பேசினார். அவரிடம் கோபப்பட முடியவில்லை. கண்ணாடிக்குள் காடு, மலை, கடல் என்று மூன்று காட்சிகள் இருந்தன. தூத்துக்குடிக்காரன் என்பதால் எனக்குக் கடலடியைப் போட்டுவிட்டார்.

இந்த வேலைக்கு வருமுன் நான் சங்கு குளிக்கப் போனவன். அதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. கண்ணை நீலம் மூடியதும் மூச்சைப் பிடித்துவிட்டேன். நாற்காலியில் இருக்கிறோம் என்பது புத்திக்குத் தெரிந்தது, நெஞ்சுக்குத் தெரியவில்லை. தண்ணீருக்குள் பதறினால் மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் உடம்பை அடக்கிப் போடப் பழகியவர்கள் நாங்கள். நாடியும் கூடவே அடங்கிவிடும். மணலில் என் கண் சங்கைத் தேடியது. நெஞ்சு முட்டியதும் தலையைத் தூக்கி ஒரு மூச்சு, பிறகு மறுபடியும் அடக்கம்.

துடிப்பு அருமையாக இறங்குகிறது என்று மேடம் சந்தோஷப்பட்டார். போன ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னார். எனக்கும் நம்பத்தான் ஆசை. கிரேன் போனால் கேட்டில் லாரி நம்பர் பார்க்கிற வேலைதான் கிடைக்கும். வீட்டிலோ டீ கிளாஸ் கையில் ஆடியது. மனைவி அரை கிளாஸ் மட்டும் ஊற்றத் தொடங்கினாள். அது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

கடைசியில், வேலைக்குத் தகுதி என்று மேடம் சொல்லிவிட்டார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிரேனடிக்குப் போனேன். அன்று தப்பித்த அதே லாஷிங்காரர் கப்பலில் ஏறப் போய்க்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்து நின்றார்.

"வந்துட்டியளா அண்ணாச்சி? மேல நீங்கன்னா எனக்குப் பயமில்ல" என்றார்.

திட்டியிருந்தால்கூட மேலே ஏறியிருப்பேன். அந்த நம்பிக்கையை என்னால் தாங்க முடியவில்லை. அவர் கப்பலேறும்வரை நின்றுவிட்டு நலப்பிரிவுக்குத் திரும்பி நடந்தேன். எதையாவது மறந்துவிட்டீர்களா என்று மேடம் கேட்டார். இரண்டு கையையும் அவர் மேஜைமேல் விரித்து வைத்தேன்.

"மேடம், அந்தக் கண்ணாடிக்குள்ள நான் மூச்சே விடல. அதான் துடிப்பு இறங்குது. என்னை மேல ஏத்தாதீங்க. கீழ ஆள் நிக்கான்."