சித்தப்பாவின் பெட்டியில் உறுமல்

அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் ஒரு பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது. சித்தப்பா தன் கையாலேயே செய்த பெட்டி. பெங்களூர் பழைய சாமான் சந்தையில், பட்டாளத்து ரேடியோவிலிருந்து கழற்றிய கண்ணாடிக் குழாய் வால்வுகளைப் பொறுக்கி வந்து, பிஸ்கட் தகரத்தில் துளை போட்டு நிறுத்தியிருந்தார். மைக்கில் விழும் சன்னக் குரலை அது தூக்கிவிடும். பக்கத்தில் இருந்த பெரிய பெட்டி அதை இன்னும் ஏற்றி ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஏற்பாடு அப்படி. தூக்கிவிட்டதென்னவோ உறுமலை மட்டும்தான். ஓசூரில் அப்போது கரண்ட் வந்த வீடுகளே கொஞ்சம். வந்த வீட்டின் லட்சணம் இதுவா என்று தெருவே சிரித்தது.

சிரிக்கிற காரியமில்லை அது. சித்திக்குத் தொண்டையில் கட்டி. பெங்களூர் டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். குரல் தேய்ந்து தேய்ந்து, வாயருகே காதை வைத்தால்தான் கேட்கும் என்றாகிவிட்டது. எழுதவும் தெரியாது. சித்தப்பாவிடம் ஏதோ சொல்ல வேண்டுமென்று அவர் கையைப் பிடித்துப் பிடித்து இழுப்பாள்.

"இரு புள்ள, இந்த உறுமல் ஒழியட்டும். அப்புறம் மைக்குல சொல்லு. பேரிகை ஊருல இருக்கற உங்கம்மாவுக்கே கேக்கும்" என்பார். குனிந்து கேட்க மாட்டார். என்னிடமாவது சொல் என்று நான் காதை நீட்டினால், சித்தி என் கன்னத்தைத் தட்டி விலக்கிவிடுவாள். அவரிடம்தான் சொல்ல வேண்டியதாக இருந்தது.

சித்தப்பா தேடாத இடமில்லை. வால்வுக்குப் போகும் ஒயர்களைச் சடை மாதிரி பின்னிப் பார்த்தார். டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தார். வால்வுகளுக்குத் தகரச் சட்டை மாட்டினார். எதற்கும் மசியவில்லை. கடைசியில் பழி எங்கள் மண்ணின்மேல் விழுந்தது. கல்லும் சரளையுமான பூமி, எர்த் பிடிக்காது என்று பெட்டி செய்த அன்றே இரண்டு குழி வெட்டியிருந்தார். சின்னப் பெட்டிக்குக் கொல்லையில் ஒன்று, பெரிய பெட்டிக்கு வாசலில் ஒன்று. உப்பும் கரியும் கொட்டித் தாமிரத் தகடு புதைத்த குழிகள். ஈரம் காயாமல் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. உயிரைக் கொடுத்து ஊற்றினேன். உறுமல் இன்னும் கொழுத்தது.

அதற்குள் கிணறு வற்றிவிட்டது. "குடிக்கவே தண்ணி இல்ல, இவரு மண்ணுக்கு ஊத்தறாராம்!" என்று அம்மா என் கையிலிருந்த குடத்தைப் பிடுங்கிக்கொண்டாள். கொல்லைக் குழி காய ஆரம்பித்தது. காயக் காய உறுமல் இறங்கியது. சித்தப்பா ஓடிப்போய்க் கொல்லை ஒயரைப் பிடுங்கினார். வீடு சட்டென்று அமைதியானது. இரண்டு எர்த் வைத்ததுதான் வினையாம்; ஒரு குழிக்கும் மறு குழிக்கும் இடையே கரண்ட் ஓடி, அதுதான் உறுமியதாம். வாசல் குழி ஒன்றே போதுமாம்.

மைக்கைச் சித்தியின் வாயருகே பிடித்தார். "இப்ப சொல்லு புள்ள. என்ன சொல்லணும்?"

சித்தியின் உதடுகள் அசைந்தன. ஸ்பீக்கரில் காற்று வந்தது. மூச்சு ஏறி இறங்குவதும், தொண்டையில் எதுவோ உரசுவதும் அத்தனை துல்லியமாகக் கேட்டன. சொல் மட்டும் வரவில்லை. கட்டி அதற்குள் நாக்கையும் பிடித்திருந்தது. சித்தி மறுபடி முயன்றாள். மறுபடியும் காற்று. அப்போதுதான் சித்தப்பா மைக்கைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, தன் காதை அவள் வாயருகே வைத்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

எனக்கானால் தலைகால் புரியாத சந்தோஷம். உறுமல் போய்விட்டது, போய்விட்டது என்று தெருவெல்லாம் ஓடிச் சொன்னேன்.

திரும்பி வந்தால் வீட்டுக்குள் மறுபடி அதே உறுமல். கொல்லை ஒயர் பழைய இடத்திலேயே முறுக்கப்பட்டிருந்தது. சித்தப்பா குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து, "உறுமல் இன்னும் ஒழியல புள்ள, ஒழிஞ்சதும் சொல்லு" என்று உள்ளே பார்த்துச் சொல்லியபடி காய்ந்த குழியில் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா அதைப் பார்த்தும் இந்த முறை குடத்தைப் பிடுங்கவில்லை. அத்தனை பாடுபட்டு நிறுத்தியதை இந்த மனுஷன் எதற்காகக் கெடுக்கிறார் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.