ஊறுகாய் ஜாடிக்குள் போன கை

தோழிகளே, உங்கள் நால்வருக்கும் இன்று இதே கடிதம்தான்.

கொல்லை மரத்து எலுமிச்சையை இரண்டு ஜாடிகளில் ஊறுகாய் போட்டிருந்தேன். வருடம் முழுவதற்கும் அதுதான். இன்று காலை ஒன்றில் பூசணம் பூத்திருந்தது.

வீரபாண்டியில் வீடு கட்டுவதால் நாத்தனாரும் அவர் கணவரும் ஒரு மாதமாக எங்களோடு இருக்கிறார்கள். ஜாடியை எட்டிப் பார்த்த நாத்தனார் நேராக என் மகளைக் கூப்பிட்டார்.

"ஏங் கண்ணு, வீட்டுக்குத் தூரமா இருக்கறப்ப ஜாடியத் தொட்டியா?"

பதினான்கு வயதுப் பெண், மாமா எதிரில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"படிக்க வெச்சா மட்டும் போதாதுங்க, சுத்தமும் சொல்லித் தரோணும்" என்றார் அந்த மாமா. பனியன் கம்பெனி முதலாளி, ஐம்பது பேருக்குப் புத்தி சொல்பவர். சொல்லிக்கொண்டே, கழுவிய கையை உதறக்கூடச் செய்யாமல் நல்ல ஜாடிக்குள் விட்டு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். மணிக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு மாதமாக இதே வழக்கம்தான்.

"அவருக்கு ஊறுகான்னா உசுரு" என்று நாத்தனார் பெருமையாகச் சிரித்தார்.

ஈரம் பட்டால் பூசணம் வரும் என்று அறியக் கல்லூரிப் படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும். நான் சண்டை போடவில்லை. மத்தியானம் ஊறுகாயை மகளையே பரிமாறச் சொன்னேன். ஜாடியை அவளே திறந்து பரிமாறினாள்.

மாமா மூன்று துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவளுக்கு இன்று இரண்டாம் நாள் என்பது எங்கள் இருவருக்கும், இப்போது உங்களுக்கும் மட்டும் தெரியும்.

உங்கள் வீட்டு ஜாடிக்குள் போகும் ஈரக் கை யாருடையது? எழுதுங்கள்.